வாசப்படி ஏட்டு

டீயில் முக்கிய பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுவதற்குள் ஏட்டய்யா ஒரு குடும்பத் தகராறைத் தீர்த்துவிடுவார். முதல் கடிக்குள் எதிரே நிற்கும் பெண் அழுது முடித்துவிட வேண்டும். இரண்டாவது கடிக்கு அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "வீட்டுக்கு வீடு வாசப்படிம்மா" என்பார். அப்புறம் விரலில் ஒட்டிய தூளை நக்கிக்கொண்டே, "போம்மா, போய் அவருக்குப் பிடிச்சதா ஏதாவது சமைச்சு வை. மனுஷனுக்குக் கோபமெல்லாம் பசியிலதான் வரும்" என்று வழியனுப்பி வைப்பார். பிஸ்கட் டம்ளருக்குள் விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற மேசை அவருடையது. மேசைக்கு முன்னால் அவர் வயிறும், வயிற்றுக்குப் பின்னால் அவரும் இருப்பார்கள். மீசைக்கு மட்டும் மை பூசுவார். தலைமுடியைப் பற்றிக் கேட்டால், "அது அரசாங்கத்துக்கு உழைச்சு வெளுத்தது, மீசை எனக்குச் சொந்தம்" என்பார். தொலைபேசி அடித்தால் எடுப்பதற்கு முன்பே, "இதோ வந்துட்டேன், ஏன் கத்துற" என்று அதோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் எடுப்பார். விலங்கை விலங்காக அவர் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்திருப்பார்.

வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கென்று ஒரு பழமொழி தயாராக இருக்கும். வளர்த்த நாய் காணாமல் போனதென்று தேம்பியவரிடம், "நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்" என்று ஆறுதல் சொன்னார். பிடிபட்ட ஒரு ஆளிடம், "பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்" என்றபோது, அவன், "ஐயா, இன்னைக்குத்தான் முதல் தடவை" என்று மனம் நொந்து போனான். இப்படியே சொல்லிச் சொல்லித்தான் அவருக்கு 'வாசப்படி' என்ற பட்டப்பெயர் நின்றுவிட்டது. கூப்பிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிட்டார்கள். அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு.

கெட்ட மனிதர் இல்லை. கொசுவைக்கூட அடிக்க மாட்டார், ஊதித்தான் விரட்டுவார். பிரிக்கிறது பாவம், சேர்க்கிறது புண்ணியம் என்பது அவர் கட்சி. "நான் அனுப்பி வச்ச பொண்ணுங்கள்ல ஒருத்தியாவது திரும்பி வந்திருக்காளா? வரலைன்னா என்ன அர்த்தம்? நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்பார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் நிதி வந்து இறங்கியது. வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்கள் புகாரோடு வந்தால் காவல் நிலையமும் நீதிமன்றமும் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும், அதற்கு என்னென்ன வேண்டுமோ செய்துகொள்ளுங்கள் என்று மேலிடம் பணம் ஒதுக்கியிருந்தது. நிலையத்தில் பெரிய உற்சாகம். இன்ஸ்பெக்டர் முதல் வேலையாகச் சோபா வாங்கினார். பழைய சாமான் அறையைக் காலி செய்து இளம் ஊதா வண்ணம் அடித்தார்கள். அழுகிறவர்களுக்கு அது அமைதி தருமாம். அமைதி முதலில் இன்ஸ்பெக்டருக்குத்தான் கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அங்கே படுத்துப் படுத்துச் சோபாவின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. கண்ணீர் துடைக்க வாங்கிய மெல்லிய காகிதத்தால் ஆளாளுக்குப் பூட்ஸ் துடைத்தார்கள்.

பெண்கள் யார் கண்ணிலும் படாமல் வந்து போகப் பக்கத்துச் சந்தில் ஒரு கதவு வைக்கப்பட்டது. அது எல்லாருக்கும் தெரிய வேண்டுமே என்று, 'யாருக்கும் தெரியாமல் வருவதற்கான வழி' என்று ஆள் உயரத்துக்கு எழுதி, அம்புக்குறி போட்டு, மேலே விளக்கும் மாட்டினார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மா முதல் நாளே அதைப் பார்த்து நெற்றியில் கை வைத்தார். மறுநாள் அந்தப் பலகை போய், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஊதாப் பூ மட்டும் கதவில் வரையப்பட்டது.

பயிற்சியம்மா மெலிந்த உருவம், தணிந்த குரல். கூடவே ஒரு நாடக நடிகையையும் அழைத்து வந்திருந்தார். அவர் புகார் கொடுக்க வரும் பெண்ணாக நடிப்பார், காவலர்கள் எதிரே உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். நடிகை தொழிலில் கெட்டிக்காரி. கண்ணில் எதையோ தடவிக்கொண்டு, தலையில் கட்டோடு வாசலிலிருந்தே கதறிக்கொண்டு வந்து, ஏட்டய்யாவின் மேசை மேல் விழுந்தார். டம்ளர் ஆடியது. ஏட்டய்யா ஆடவில்லை. பிஸ்கட்டை எடுத்தார், முக்கினார், வாசப்படியைச் சொன்னார், சமையலைச் சொன்னார், அனுப்பிவிட்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். 'எப்படி?' என்று மீசை கேட்டது.

பயிற்சியம்மா நடிகையிடம் திரும்பி, "இப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போய் என்ன சமைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் நடிகை.

எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டய்யாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அன்றிலிருந்து அவருக்கு நாலு வாக்கியம் மனப்பாடப் பகுதி. "நீங்க வந்தது நல்லது. நீங்க சொல்றதை நான் நம்புறேன். இது உங்க தப்பு இல்ல. இப்ப உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?" இவ்வளவுதான். நடுவில் 'நீ என்ன பண்ணின' கேட்கக் கூடாது. புத்திமதி கூடாது. பழமொழி அறவே கூடாது.

"ஒண்ணே ஒண்ணு? நல்லதா, சின்னதா?"

"வேண்டாம் சார்."

"கடைசியில, போகும்போது?"

"ஒண்ணுகூட வேண்டாம் சார்."

வாய் வரைக்கும் வந்த பழமொழிகளை அவர் விழுங்கினார். விழுங்கியது விக்கலாக வந்தது. அந்த வாரம் முழுக்க நிலையத்தில் 'விக்' 'விக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெண் காவலர் ஒருத்திதான் தண்ணீரும் கையுமாக அவர் பின்னால் அலைந்தாள். "விடுங்க ஏட்டய்யா, உள்ள போன பழமொழி செரிச்சுடும்" என்று தட்டிக்கொடுத்தாள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவும் அது இல்லை. பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வு உண்டு. தேறாதவர் முன்மேசையில் உட்காரக் கூடாது, கீழே பழைய வழக்குக் கட்டுகள் வைக்கும் அறைக்குப் போக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அந்த அறையில் சன்னல் கிடையாது, மனிதர்கள் வர மாட்டார்கள், டீக்காரரும் படியிறங்க மாட்டார். பேச ஆளில்லாத இடத்தில் ஏட்டய்யாவை வைப்பது மீனைப் பரணில் வைப்பது மாதிரி.

ஆகவே வீட்டில் ஒத்திகை நடந்தது. சாயங்காலம் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, தான் எதிரே சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"பேரு?"

"இத்தனை வருஷமா தெரியாதா?"

"பயிற்சிடி."

"டி போட்டா மார்க்கு குறைக்க மாட்டாங்களா?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சொல்லுங்கம்மா. நீங்க வந்தது நல்லது."

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததில்லை. "என் வீட்டுக்காரர் ஈரத்துண்டைக் கட்டில் மேல போடறாருங்க."

"நீங்க சொல்றதை நான் நம்புறேன்."

"குறட்டை விடறார். கேட்டா, விடலைங்கறார்."

"அது வந்து... நம்புறேன்."

"எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வந்து, தூங்கிட்டுத் திரும்பினார். இது என் தப்பாங்க?"

"இது உங்க தப்பு இல்ல" என்றார் ஏட்டய்யா. விக்கல் வந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் என்ன பேச ஆரம்பிச்சாலும், பாதியிலேயே ஒரு பழமொழியைச் சொல்லி முடிச்சு வச்சுடறாருங்க. மிச்சப் பாதி எனக்குள்ளயே கெடக்கு" என்றாள்.

ஏட்டய்யாவுக்கு இதற்குச் சரியான ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு, பாடத்தைச் சொன்னார். "நீங்க சொல்றதை நான் நம்புறேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எனக்குத்தான் மனப்பாடம் ஆயிடுச்சே."

"எனக்கு இன்னும் ஆகலை" என்றாள் அவள்.

தேர்வு நாள் வந்தது. ஏட்டய்யா மீசைக்கு இரண்டு பூச்சாகப் பூசிக்கொண்டு போனார். ஏற்பாடு இதுதான்: நடிகை சந்துக் கதவு வழியாக ஊதா அறைக்குள் வருவார். அங்கே ஏட்டய்யா தனியாக இருப்பார். அறை மூலையில் நிதியில் வாங்கிய கேமரா. இன்ஸ்பெக்டரும் பயிற்சியம்மாவும் அந்தப் பக்கத்து அறையில் திரையில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். "வந்ததும் ஆரம்பிச்சுடுங்க, யாரும் சொல்ல மாட்டோம்" என்று பயிற்சியம்மா சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் நடிகை ஏறிய பேருந்து வழியில் நின்றுவிட்டது. திரையிலும் படம் வரவில்லை. எந்த வயரை எதில் சொருகுவது என்று இன்ஸ்பெக்டர் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். ஊதா அறையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த ஏட்டய்யாவுக்கு இது எதுவும் தெரியாது.

கதவு மெதுவாகத் திறந்தது. ஒரு பெண் உள்ளே வந்தாள். ஏட்டய்யா ஒரு கண்ணால் கேமராவைப் பார்த்துக்கொண்டார். வேறு நடிகையை அனுப்பியிருக்கிறார்கள், தன்னைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்தார். இவளுக்கு நடிக்கவே தெரியவில்லை. கதறவில்லை, விழவில்லை. சோபாவின் நுனியில், பள்ளத்தில் சறுக்கிவிடாமல் உட்கார்ந்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வேஷத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு காலில் பழுப்புச் செருப்பு, இன்னொரு காலில் ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு. மணிக்கட்டில் நாலு விரல் பதிந்த நீலம். மேக்கப் போட்டவனுக்குத் தனியாகப் பரிசு கொடுக்கலாம் என்று தோன்றியது.

"நீங்க வந்தது நல்லதும்மா" என்றார், கேமராவுக்கும் கேட்கும்படி. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பூட்ஸ் துடைத்ததில் மிச்சமிருந்த காகிதத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். பிறகு, பாடத்தில் இருந்தபடி, சும்மா இருந்தார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

அவள் பேசினாள். கணவன் வெளியே போகும்போது அவளுடைய செருப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். கேட்டால் சிரிப்பான், வெறுங்காலோடு எங்கே போவாய் என்று. அடிக்கிற நாளில் அடிப்பான். அடிக்காத நாளில், அடிக்கவில்லை பார்த்தாயா என்று நன்றி சொல்ல வைப்பான். இன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் பழைய ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. அவனுடைய ரப்பர் செருப்பில் ஒன்றை இன்னொரு காலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன்" என்றார் ஏட்டய்யா. விக்கல் வரவில்லை. தனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"முன்னாடியும் ஒரு தடவை இங்க வந்தேங்க" என்றாள் அவள், தலை நிமிராமல். "முன்பக்கமா. அங்க ஒரு ஏட்டு இருந்தார். பாதி சொல்றதுக்குள்ள, வீட்டுக்குப் போய்ச் சமைம்மான்னு சொல்லிட்டார். பின்னாடியே இவரும் வந்தார். ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சேர்த்து அனுப்பிட்டார்."

இது வினாத்தாளில் உள்ள கொக்கி என்று ஏட்டய்யாவுக்குப் பளிச்சென்று புரிந்தது. சக காவலரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறானா, உண்மையின் பக்கம் நிற்கிறானா என்று பார்க்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தார். கேமராவை நேராகப் பார்த்தார்.

"அது அந்த ஏட்டோட தப்பும்மா. உங்க தப்பு இல்ல. அவன் வாயை மூடிக்கிட்டு நீங்க சொல்றதைக் கேட்டிருக்கணும். அந்த மாதிரி ஆளையெல்லாம் முன்மேசையில உட்கார வைக்கவே கூடாது. டீ குடிக்கத்தான் லாயக்கு. பிஸ்கட் தின்னத்தான் லாயக்கு." மதிப்பெண் ஏறுவது அவருக்குக் காதில் கேட்டது. "அவன் மட்டும் இப்ப என் முன்னாடி இருந்தான்னா..."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது நீங்கதாங்க" என்றாள்.

இந்த வசனத்தை எழுதினவன் பெரிய ஆள்தான் என்று ஏட்டய்யா வியந்தார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று நாலு வாக்கியத்தையும் மனதுக்குள் புரட்டினார். அப்போது சந்துக் கதவு படாரென்று திறந்தது. தலையில் கட்டோடும், கன்னமெல்லாம் வழியும் கண்ணீரோடும் வழக்கமான நடிகை, "ஐயோ, என்னைக் காப்பாத்த யாருமே இல்லையா!" என்று கதறிக்கொண்டே உள்ளே விழுந்தார். உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்ததும் கதறலை நிறுத்திவிட்டு, சாதாரணக் குரலில், "சாரி சார், பஸ் நின்னுடுச்சு. வேற யாரையாவது வச்சு ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

ஏட்டய்யா நடிகையைப் பார்த்தார். சோபாவில் இருந்தவளைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பார்த்தார். மேக்கப் இல்லை.

நடிகையை முன்பக்கம் போய் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காரத் தோன்றாமல் நின்றார். அவள் முன்பு வந்த அந்த மழை நாள் இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடையில் போனார்கள். அதை அவர் நிலையத்தில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார்!

"அம்மா, இங்க ஒரு பரீட்சை நடக்குது. நான் உங்களை... நான் இப்ப சொன்னதெல்லாம்..."

"பொய்யா?" என்றாள் அவள். எழுந்திருக்க ஆயத்தமாக, பழுப்புச் செருப்புக் கால் முன்னால் வந்தது.

"இல்லம்மா. பாடம். மனப்பாடம் பண்ணினது. ஆனா பொய் இல்ல."

அவள் யோசித்தாள். ஏட்டய்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் போக விடக் கூடாது, போகாதே என்று அதட்டவும் கூடாது. எல்லாப் பழமொழிகளும் அவரை அம்போவென்று விட்டுவிட்டுப் போயிருந்தன.

"அப்படின்னா, பரீட்சை இல்லாம ஒரு தடவை சொல்லுங்க" என்றாள்.

ஏட்டய்யா கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க வந்தது நல்லதும்மா. மறுபடியும் வந்தது ரொம்ப நல்லது. நீங்க சொல்றதை நான் நம்புறேன். இது உங்க தப்பு இல்ல. அன்னைக்குச் செஞ்சது... அது என் தப்பு." கடைசி வாக்கியம் பாடத்தில் இல்லாதது. "இப்ப உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?"

"அக்கா வீட்டுக்குப் போகணும். அவர் அங்க வரக் கூடாது."

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஏட்டய்யா பெண் காவலரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் போய்ப் பயிற்சியம்மாவை அழைத்து வந்தாள். மேசைக்கு அடியிலிருந்த இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அதே நிதியில் நீதிமன்றத்திலும் இதற்கென்று ஒரு தனி அறையும், அன்றைக்கே உத்தரவு போடும் ஏற்பாடும் இருந்தது. பயிற்சியம்மாவின் காரில் மூவரும் சந்துப் பக்கமாகக் கிளம்பினார்கள். நடிகை மறுபடி ஊதா அறைக்குள் போய், கூப்பிட்டால் அழலாம் என்று கண்ணுக்குத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

கார் சந்து முனை திரும்பியிருக்கும். முன்வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. கையில் ஒரு பை.

"ஏட்டய்யா, என்னைத் தெரியுதா? போன தடவை நீங்கதான் எங்களைச் சேர்த்து வச்சீங்க." பையைத் திறந்து காட்டினான். ஒரு பழுப்புச் செருப்பு. "வீட்டுக்காரி கொஞ்சம் மறதி. செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. பாவம், கால் வலிக்குமேன்னு எடுத்துட்டு வந்தேன். இங்க வந்தாளா?"

"உட்காருங்க" என்றார் ஏட்டய்யா.

"நீங்க சொல்லாததா? குடும்பம்னா முன்னப் பின்ன இருக்கும். அடிக்கிற கைதான் அணைக்கும்."

இது அவர் அன்றைக்கு அவளிடம் சொன்னதுதான். அவருடைய சரக்கையே அவருக்குக் கொண்டுவந்து விற்கிறான். வாரக்கணக்காக அடைத்து வைத்திருந்த மடை அவருக்குள் எங்கேயோ உடைந்தது.

"அணைக்கிற கைக்கு அடிக்க எங்கய்யா நேரம்?" என்றார்.

அவன் தமாஷென்று நினைத்துச் சிரித்தான். "அதுசரி. ஆனா அடியாத மாடு படியாதுன்னு பெரியவங்க..."

"அது மாட்டுக்குச் சொன்னது."

"கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்னு..."

"கல்லுன்னா ஒரு ஓரமாக் கெடக்கணும். புல்லுன்னா பேசாம வளரணும். கல்லும் புல்லும் பொண்டாட்டி செருப்பை அலமாரியில வச்சுப் பூட்டாது!"

தவளை தன் வாயால் கெட்டது. அவன் சிரிப்பு நின்றது. "செருப்பு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்போ அவ இங்கதான் இருக்கா." எழுந்தவன் நேராக ஊதா அறையை நோக்கி நடந்தான். ஏட்டய்யா வயிற்றை மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவிலிருந்து விடுவிப்பதற்குள் அவன் கதவைத் தள்ளித் திறந்துவிட்டான்.

உள்ளே நடிகை. ஒரு ஆண் முறைத்துக்கொண்டு நுழைவதைப் பார்த்ததும், தேர்வில் கணவன் வேஷத்துக்கும் ஆள் போட்டுவிட்டார்கள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "வந்துட்டீங்களா! இன்னும் என்னை அடிக்க என்ன மிச்சம் இருக்கு!" என்று பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"ஏய், யாருடி நீ?"

"என்னையே யாருன்னு கேக்கறீங்களே! ஊரே, கேட்டியா!"

அவன் உதறினான். அவர் விடவில்லை. அவன் கையை ஓங்கி, பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். தலைக்கட்டு ஒரு பக்கம் பறக்க, நடிகை போய்ச் சோபாவின் பள்ளத்தில் கச்சிதமாக விழுந்தார். இன்ஸ்பெக்டரின் மதியத் தூக்கம் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது அப்போதுதான்.

மறுபடி ஓங்கிய கையை ஏட்டய்யா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். கொசுவை அடிக்காத கை. போதாதென்று இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பலத்த கைத்தட்டல் கேட்டது. வயரைச் சரியான இடத்தில் சொருகி, திரையில் முழுக் காட்சியையும் பார்த்துவிட்ட இன்ஸ்பெக்டர் முகமெல்லாம் ஒட்டடையோடு வந்து நின்றார். "பிரமாதம்! புருஷனா நடிக்கிறவர் யாருய்யா? அசல் மாதிரியே இருக்காரு!"

"ஐயா, அசல்தான்யா" என்றார் ஏட்டய்யா.

கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. பெண்ணொருத்தியைக் காவல் நிலையத்துக்குள்ளேயே பிடித்துத் தள்ளியவன், வீட்டில் என்ன செய்திருப்பான் என்று நீதிமன்றத்தில் யாரும் நீட்டி முழக்கி விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பக்கமே அவன் வரக் கூடாதென்று அன்றைக்கே உத்தரவாயிற்று. சாயங்காலம் பெண் காவலர் அவளோடு போய் அலமாரியைத் திறக்க வைத்து, செருப்புகளை எல்லாம் ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி அக்கா வீட்டில் இறக்கினாள். நடிகைக்கு முழங்கையில் சிராய்ப்பு. நிஜக் கட்டு போட்டார்கள். மறுபடி அடிபடுகிற மாதிரி இருந்தால் தன் கூலி வேறு என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏட்டய்யா தேர்வில் தேறினாரா? தேறவில்லை. நடிகையிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, எதற்கு மதிப்பெண் போடுவது என்று பயிற்சியம்மா கையை விரித்துவிட்டார். மறுதேர்வு நடந்தது. நிஜக் கட்டோடு வந்த நடிகையின் எதிரே உட்கார்ந்து, மூன்று விக்கலோடு, தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று தேறினார்.

சில நாள் வரைக்கும் தெருவில் நடந்தால் எதிரே வருகிற பெண்களின் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று. ஒரு நாள் கூட நடந்து வந்த மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்து, "இதுவேற புதுப் பழக்கமா?" என்றாள். அவர் காரணத்தைச் சொன்னார். பழமொழி எதுவும் இல்லாமல், முழுசாகச் சொன்னார். அவள் அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டே வீடு வரை வந்தாள்.

இப்போதும் முன்மேசை அவருடையதுதான். போன வாரம் ஒரு பெண் சந்துக் கதவு இருப்பது தெரியாமல் முன்வாசலுக்கு வந்துவிட்டாள். படியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கடைசியில் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "ஐயா, என் வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். ஏட்டய்யாவின் உதடு துடித்தது, மீசை துடித்தது. உள்ளேயிருந்து எதுவோ கிளம்பி வருவது தொண்டையில் தெரிந்தது. அவர் சட்டென்று இடது கையால் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு, வலது கையால் நாற்காலியை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.